தன்னம்பிக்கைக்கு நீந்தத் தெரியாது

தண்டலத்தில் ஒரு டீக்கடை வாசலில் போன மாதம் ஒருவர் என் வாயை அடைத்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ஏனென்றால், அன்றைக்கு நான் செய்த தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள். அநேகமாக இந்த வாரம்கூடச் செய்திருப்பீர்கள்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், செம்பரம்பாக்கம் தாண்டி வருகிற ஊர் தண்டலம். ஒரு பெரிய மருத்துவமனை, அதை நம்பி மெடிக்கல் ஷாப்புகள், மெஸ்கள், லாட்ஜுகள். அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பெனிகள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, பாதித் தூக்கத்தில் பையன்கள் இறங்குவார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த உறவினரைப் பார்க்கப் போயிருந்தேன். டீ குடிக்க வந்த இடத்தில்தான் அது நடந்தது.

பக்கத்து பெஞ்சில் ஒரு பையன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசிருக்கும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பேச்சுக் கொடுத்தேன். பிரஸ் மெஷினாம். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் இறங்கிவிட்டது. கான்ட்ராக்ட் லேபர். வைத்தியம் நடந்தது, கொஞ்சம் பணமும் வந்தது. வேலை மட்டும் திரும்ப வரவில்லை. காயம் ஆறிப் போய் நின்றபோது, ‘உன் கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சுப்பா’ என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்களாம்.

எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கம்பெனியை நன்றாகத் திட்டிவிட்டு, நானும் நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம்.

பையன் ஊரில் வேகப்பந்து வீச்சாளராம். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்களில் அவன் பெயருக்கு ஒரு மரியாதை உண்டாம். “இப்ப என்ன தம்பி பண்றே?” என்றேன். “ஸ்கோர் எழுதறேன் சார். லெஃப்ட் ஹேண்ட்ல எழுதப் பழகிட்டேன்” என்றான்.

இந்த இடத்தில்தான் என் நாக்கில் சனி. “மனசை விட்டுடாதப்பா” என்று ஆரம்பித்தேன். பையில் இருந்த செல்போனை எடுத்து 2024-ல் வந்த ‘சந்து சாம்பியன்’ என்கிற இந்திப் படத்தின் டிரெய்லரைப் போட்டுக் காட்டினேன். “பாரு, முதுகுல குண்டு பாஞ்ச சிப்பாய். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது. நீச்சல்ல தங்கம் வாங்கினார். நெஜக் கதை. தன்னம்பிக்கை இருந்தா எதுவும் முடியும்.”

எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், கொஞ்சம் நிறுத்தறீங்களா?”

செக்யூரிட்டி உடுப்பில் இருந்தார். ஐம்பது தாண்டியவர். தொப்பியை மடியில் வைத்திருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பது அப்புறம் தெரிந்தது.

“நீங்க சொல்றது முரளிகாந்த் பேட்கர். அவர் எங்க இ.எம்.இ. ஆள். படம் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்களுக்கு அவர் பேர் தெரியும். அவருக்குத் தன்னம்பிக்கை இருந்துச்சு, சரி. கூடவே ஒரு ஸ்விம்மிங் பூலும் இருந்துச்சு சார். இந்தத் தம்பி தன்னம்பிக்கையை வச்சுகிட்டு எதுல நீந்தறது? இந்த டீ கிளாஸ்லயா?”

நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

*

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் அந்த ஹவில்தார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பேட்கரின் கதையை நாம் எல்லோரும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரியாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்ப்போமா?

மகாராஷ்டிரத்தில் 1944-ல் பிறந்தவர் பேட்கர். சின்ன வயசிலேயே ராணுவத்தில் சேர்ந்தார். வண்டி, பீரங்கி, ரேடியோ என்று எது பழுதானாலும் சரி செய்வது இ.எம்.இ. பிரிவின் வேலை. அதில் அவர் ஒரு கிராஃப்ட்ஸ்மேன். நம்ம பாஷையில் மெக்கானிக். அங்கே பாக்ஸிங் கற்றுக்கொண்டு பேர் வாங்கினார். 1964-ல் டோக்கியோவில் நடந்த ராணுவ வீரர்களுக்கான சர்வதேசப் போட்டியில் ஆடினார். அடுத்த வருஷம் பாகிஸ்தானோடு போர். விமானத் தாக்குதலில் உடம்பில் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு முதுகுத்தண்டிலேயே தங்கிவிட்டது. மயக்கம் தெளிந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பாக்ஸருக்கு வயசு இருபது.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதைதான். இதற்கு அப்புறம்தான் நாம் அவசர அவசரமாக ‘மனம் தளரவில்லை’ என்று ஒரு வரி எழுதி, நேராகத் தங்கப் பதக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் என்ன நடந்தது?

முதலில், மும்பையில் ‘அஸ்வினி’ என்கிற கடற்படை மருத்துவமனை. தையல் பிரித்து, சீட்டு எழுதி ஊருக்கு அனுப்பிவிடவில்லை. தண்ணீரில் உடம்புக்குக் கனம் தெரியாது, கால் வராவிட்டாலும் கை இழுத்துப் போகும் என்பதால், நீச்சலையே வைத்தியமாகக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு குளம் இருந்தது. கூட இறங்க ஆட்கள் இருந்தார்கள். யாரும் அப்போது தங்கப் பதக்கத்தை நினைத்திருக்க முடியாது. தோளும் நுரையீரலும் கெடாமல் இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, டிக்கெட். பதக்கம் வாங்கலாம், ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே? விஜய் மெர்ச்சன்ட் பெயரைப் பழைய கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிராட்மனுக்கு அடுத்த சராசரி என்று உள்ளூர் கிரிக்கெட்டில் கொண்டாடப்பட்ட பேட்ஸ்மேன். ஆடி முடித்த பிறகு உடல் ஊனமுற்றவர்களுக்காக உழைத்தார். அவர் சார்ந்த அமைப்பு பேட்கருக்குக் கைகொடுத்தது. 1968-ல் டெல் அவிவ் பாராலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் ஆடினார். 1972-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 37.33 விநாடி. அப்போது அது உலக சாதனை. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனி ஆளாக ஓர் இந்தியர் வாங்கிய முதல் தங்கம்.

மூன்றாவது, வேலை. புனேயில் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. சக்கர நாற்காலியோடு அந்தத் தொழிற்சாலைக்குப் போய்ப் பல வருஷம் சம்பளம் வாங்கினார். ஒரு லாரி கம்பெனி, இடுப்புக்குக் கீழே செயல்படாத ஒரு மனிதருக்கு வேலை கண்டுபிடித்திருக்கிறது. அதுவும் கம்ப்யூட்டர் வராத காலத்தில்.

குளம், டிக்கெட், வேலை. இந்த மூன்றும் யாரோ கொடுத்தது. தன்னம்பிக்கை மட்டும்தான் பேட்கர் கொண்டுவந்தது. நாமோ கொடுக்கவேண்டிய மூன்றையும் மறைத்துவிட்டு, அவர் கொண்டுவந்ததை மட்டும் பாராட்டிக்கொண்டிருக்கிறோம். ஏன் தெரியுமா? தன்னம்பிக்கைக்கு நாம் செலவழிக்க வேண்டியதில்லை. ஓசி.

*

சரி, பாராட்டையாவது ஒழுங்காகச் செய்தோமா?

1982-ல் பேட்கர் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் சுட்டபோது, ‘தனிநபர் தங்கம், இந்தியாவுக்கு முதல் முறை’ என்று நாடே கொண்டாடியது. ஒலிம்பிக்கில் அதுதான் முதல், சந்தேகமே இல்லை. ஆனால், 36 வருஷத்துக்கு முன்பே பாராலிம்பிக்கில் ஒரு சிப்பாய் வாங்கிவிட்டார் என்று அன்றைக்கு எத்தனை பேர் சொன்னார்கள்? நானும் அப்போது எழுதிக்கொண்டிருந்தவன்தான். நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

பத்மஸ்ரீ 2018-ல் வந்தது. 46 வருஷம். படம் 2024-ல் வந்தது. அதற்கு அடுத்த ஜனவரியில், 2025-ல், ஜனாதிபதி மாளிகையில் வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதைக் கொடுத்தார்கள். 1982-ல் கேட்டது, 43 வருஷம் கழித்து. அப்போது அவருக்கு 80 வயசு. படத்துக்கு முன்னால் விருது வந்ததா, பின்னால் வந்ததா என்று நீங்களே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

நம் ஞாபகம் அவ்வளவு மோசமா? இல்லை. 1983 உலகக்கோப்பையில் கபில்தேவ் பின்னால் ஓடிப் பிடித்த கேட்ச்சை இன்றைக்கும் நடித்துக் காட்டுவோம். பேட்கரை மறந்ததற்குக் காரணம் வேறு. சிப்பாய் என்றால் ஒரு ஃபைல், விளையாட்டு வீரர் என்றால் இன்னொரு ஃபைல், ஊனமுற்றவர் என்றால் மூன்றாவது ஃபைல். இவர் மூன்றாகவும் இருந்தார். மூன்று ஃபைலுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஒரு மனிதர் 46 வருஷம் உட்கார்ந்திருந்தார்.

*

வெளிநாட்டைப் பார் என்று பிரசங்கம் செய்ய எனக்குப் பிடிக்காது. அங்கேயும் லட்சணம் ஒன்றும் பிரமாதமில்லை. 1972-ல் பாராலிம்பிக் ஏன் ஹைடல்பெர்க்கில் நடந்தது? ஒலிம்பிக் நடந்த மியூனிக்கில் அல்லவா நடந்திருக்க வேண்டும்? விளையாட்டு வீரர்கள் தங்கக் கட்டிய வீடுகளை ஒலிம்பிக் முடிந்ததும் தனியார் குடியிருப்பாக மாற்ற ஏற்பாடாகிவிட்டது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. ரியல் எஸ்டேட் எந்த ஊரிலும் ரியல் எஸ்டேட்தான்.

ஆனாலும் ஒரு பாடம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாராலிம்பிக் என்பதே யுத்தம் பெற்ற பிள்ளை. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்கிற யூத டாக்டர், 1944-ல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களுக்காக ஒரு பிரிவு ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அப்படிப்பட்ட நோயாளிகளைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சாவை எதிர்பார்ப்பதுதான் வழக்கம். குட்மன் அவர்கள் கையில் வில்லும் அம்பும் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்து அம்பு விட்டார்கள். அதுதான் விதை.

இன்னொருவர் பெர்ட் ஷெப்பர்ட். அமெரிக்காவில் பேஸ்பால் என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. கிரிக்கெட்டில் பௌலர் எப்படியோ, அதில் பிட்சர் அப்படி. ஷெப்பர்ட் ஒரு பிட்சர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டப் போனார். 1944-ல் ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. கைதிகள் முகாமில் கூட இருந்த ஒரு கனடாக்காரர் கிடைத்த பொருளை வைத்து அவருக்கு ஒரு பொய்க்கால் செய்து கொடுத்தார். திரும்பி வந்தவரை வாஷிங்டன் அணி என்ன செய்தது? மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பவில்லை. வேலைக்கு எடுத்தது. பயிற்சியில் பந்து வீசுவது, கோச்சிங் என்று சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 4, பாஸ்டன் அணிக்கு எதிராக இருக்கிற பிட்சர்கள் எல்லாம் செம அடி வாங்கியதால் அவரை இறக்கினார்கள். ஐந்து இன்னிங்ஸுக்கும் மேல் வீசினார். விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன். பெரிய லீக்கில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான்.

அந்த ஓர் ஆட்டத்தை அமெரிக்கர்கள் இன்றைக்கும் ஆசையாக நினைவு கூர்கிறார்கள். கூரட்டும். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய மாதங்கள். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அந்த ஆட்டமும் இல்லை.

*

இதெல்லாம் வெளிநாட்டிலும் வடக்கிலும் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி நம் கும்பகோணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆனந்தன் குணசேகரன். ராணுவத்தில் இருந்தபோது 2008-ல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி இடது காலை இழந்தார். புனேயில் ராணுவத்தின் செயற்கைக் கால் மையம் இருக்கிறது. உலகப் போரில் கால் இழந்தவர்களுக்காக 1944-ல் ஆரம்பித்தது. அவரைப் போன்றவர்களை நிற்க வைக்கிற இடம் அது. நிற்பதோடு விடாமல் இவர் ஓடினார். வளைந்த தகடு மாதிரி இருக்குமே, அந்த பிளேடு காலில். 2018-ல் ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டில் 200 மீட்டரில் வெள்ளி. 2019-ல் சீனாவின் வூஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டில் தங்கம். கால் போன பிறகும் அவர் ராணுவ வீரராகவே ஓடினார் என்பதைக் கவனியுங்கள். காலோடு வேலையும் போகவில்லை.

உடனே, ராணுவம் சொர்க்கலோகம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். ஊனமுற்ற சிப்பாய்களின் பென்ஷனை எதிர்த்து அரசாங்கமே கோர்ட் கோர்ட்டாக ஏறிய கதை உண்டு. 2013-ல் அப்படி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவனுக்குப் பிறகு ஊனம் வந்தால், அது வேலையால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சிப்பாயே இதற்கு டில்லி வரை போகவேண்டியிருந்தது. தண்டலம் பையன் எங்கே போவான்?

*

இப்போது அந்தப் பையனுக்கு வருவோம்.

1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல். உடம்பில் எது போனால், சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போனதாக அர்த்தம் என்று கணக்கு. கட்டை விரல் 30 சதவிகிதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. சுண்டு விரல் 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20.

கசாப்புக் கடை ரேட் போர்டு மாதிரி இருக்கிறது என்று கோபப்படாதீர்கள். நஷ்டஈடு கணக்கிட ஏதாவது ஓர் அளவு வேண்டும்தான். என் கோபம் பட்டியல் மேல் இல்லை. 20 சதவிகிதம் போனது என்றால் மிச்சம் 80 இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த 80-க்கு வேலை எங்கே? பணத்தைக் கொடுக்கும்போது ‘உனக்கு 20 சதவிகிதம்தான் போயிருக்கிறது’ என்கிறார்கள். வேலை கேட்டால் நூறும் போன மாதிரி பார்க்கிறார்கள். இது எந்த ஊர்க் கணக்கு?

அரசு வேலையில் இருப்பவருக்கு இந்த வம்பு இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கும்போது ஊனம் ஏற்பட்டால், அந்த ஊழியரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அதே வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. வேறு வேலை காலியில்லை என்றால், இடம் கிடைக்கும் வரை கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். அருமையான சட்டம். ஆனால் தனியார் தொழிற்சாலையின் கேட்டுக்கு வெளியே அது நின்றுவிடுகிறது. தனியாருக்கு 35-ஆவது பிரிவு: ஊழியர்களில் 5 சதவிகிதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு சலுகை கொடுத்து ஊக்குவிக்கலாமாம். அரசு ஊழியருக்கு உரிமை. தனியார் தொழிலாளிக்கு ஊக்குவிப்பு. கான்ட்ராக்ட் பையனுக்கு என் மாதிரி ஆள் காட்டுகிற டிரெய்லர்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்பார்கள். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று அதன் ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் முன்னாள் ராணுவத்தினர் நலன் உண்டு. பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி என்று பெயர் சொல்லியே உண்டு. சட்டம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ‘வாங்க சார்’ என்று நிற்கிறது.

*

உங்களில் சிலர் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும்.

‘எல்லாரும் பேட்கர் ஆக முடியுமா?’ முடியாது. ஆகவும் வேண்டாம். அஸ்வினி ஆஸ்பத்திரியில் தண்ணீரில் இறங்கிய எல்லோருமா தங்கம் வாங்கினார்கள்? ஒருவர் வாங்கினார். மற்றவர்கள் தோள் பிடிப்பு இல்லாமல், படுக்கைப்புண் இல்லாமல், கொஞ்சம் சிரித்துக்கொண்டு வாழ வழி கிடைத்திருக்கும். குளம் அதற்குத்தான். தங்கம் வந்தால் அது உபரி. நாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தங்கம் வாங்கினால்தான் மரியாதை என்கிறோம். விரல் போனவன் சாதாரணமாக, சராசரியாக, எந்தச் சாதனையும் செய்யாமல், மாசச் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்க உரிமை கிடையாதா? மற்ற எல்லோரும் அப்படித்தானே இருக்கிறோம்?

‘கம்பெனி என்ன தர்மசத்திரமா?’ இல்லை. டெல்கோவும் தர்மசத்திரமில்லை, லாபத்துக்கு லாரி விற்ற கம்பெனிதான். இன்றைக்கு இந்தப் பாதையில் ரோபோ வெல்டிங் செய்கிறது, கேமரா தரம் பார்க்கிறது. எட்டு விரலால் செய்யக் கூடிய வேலை ஒன்றுகூட இல்லை என்று எந்த இன்ஜினீயராவது என் முன்னால் உட்கார்ந்து சொல்லட்டும்.

‘போரில் அடிபட்ட சிப்பாயும் மெஷினில் அடிபட்ட தொழிலாளியும் ஒன்றா?’ இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒன்றில்லைதான். சிப்பாய் சாகத் தயாராகப் போகிறான். இந்தப் பையன் சம்பளத்துக்குப் போனான். ஆனால், இரண்டு பேரையும் நல்ல உடம்போடுதான் உள்ளே எடுத்தோம். வெளியே அனுப்பும்போது மட்டும் ஏன் கைகழுவ வேண்டும்? தவிர, இந்தக் கேள்வியை அந்த ஹவில்தார் கேட்கவில்லை. ராணுவத்தில் இருந்தவர் அவர். பையனுக்காகப் பேசியதும் அவர்தான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இருபத்துச் சொச்சம் வருஷம் ராணுவ வண்டிகளின் இன்ஜினைப் பிரித்து மாட்டியவர். இப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் நின்று, போகிற வருகிற லாரி நம்பரை நோட்டில் எழுதுகிறார். உள்ளே இன்ஜின் செய்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று முன்னாள் ராணுவத்தினர் என்று அவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் நிற்க வைத்து சல்யூட் அடிக்கச் சொல்வார்களாம். மிட்டாய் உண்டு. மறுநாள் காலை பழையபடி நோட்டு. இதற்குப் பெயர்தான் நம் அகராதியில் வீரர்களை நினைவு கூர்வது.

*

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை.

தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை இத்தனை கம்பெனிகள் இருக்கிற பாதையில், சக்கர நாற்காலியோடு உள்ளே போய்த் தண்ணீரில் இறங்கும்படியான ஒரு பொது நீச்சல் குளம். யார் வேண்டுமானாலும் வரலாம். சென்னை வேளச்சேரியில் அரசாங்க நீச்சல் வளாகம் இருக்கிறதே என்பீர்கள். தண்டலத்திலிருந்து ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறிப் போய் வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒரு கம்பெனியால் முடியாவிட்டால் பத்து கம்பெனிகள் சேர்ந்து கட்டட்டும். பெயர்ப் பலகையில் பத்துப் பெயரையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது, அரசு ஊழியருக்கு 20-ஆவது பிரிவு கொடுக்கிற பாதுகாப்பு தனியார் தொழிலாளிக்கும், முக்கியமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வரவேண்டும். எந்த மெஷின் விரலை எடுத்ததோ, அந்தக் கூரைக்குக் கீழேயே அவனுக்கு வேறு வேலை. சட்டம் திருத்துகிற அதிகாரம் உங்களிடமும் என்னிடமும் இல்லை. ஆனால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற வாய் இருக்கிறது. தொழிற்சங்கத்தில் இருந்தால் போனஸ் பேச்சுவார்த்தையோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாம். மேனேஜராக இருந்தால் சட்டத்துக்குக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யலாம். டெல்கோ எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

கடைசியாக, உங்களுக்கும் எனக்கும் ஒரு கட்டுப்பாடு. இனிமேல் அடிபட்டு உட்கார்ந்திருக்கிற யாரிடமும் போய்த் தன்னம்பிக்கைக் கதை சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இல்லை. அப்படிச் சொல்லியே தீரவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தால், பேட்கரின் குளத்தையும் டிக்கெட்டையும் வேலையையும் சேர்த்து முழுக்கதையாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அந்த மூன்றில் எதை உங்களால் கொடுக்க முடியும் என்று யோசியுங்கள். ஒன்றும் முடியாது என்றால் டீக்காவது காசு கொடுத்துவிட்டு, பேசாமல் எழுந்து வாருங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

போன வாரம் உறவினரை டிஸ்சார்ஜ் செய்து கூட்டி வரும்போது அதே டீக்கடையில் எட்டிப் பார்த்தேன். பையன் இல்லை. ஹவில்தார் இருந்தார். பையனுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல சார். எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்றார். “நோட்டுல லாரி நம்பர் எழுதற வேலைதான். லெஃப்ட் ஹேண்ட்ல நல்லா எழுதறான்.”